உட்கார்ந்திருக்கச் சொன்ன அரை மணித்தியாலம்

எனக்கு வயது எழுபத்து மூன்று. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஏழில் ஒன்றையும் பசியோடு பள்ளிக்கூடம் அனுப்பியதில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன், வேறு எதற்கு?

நான் சொல்லப்போவது போன வருஷம் தைப்பொங்கல் கழிந்த கையோடு நடந்தது. எங்கள் ஊர் பன்வில பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். விஷயம் நடந்தது கண்டிக்குக் கிட்டே உள்ள ஓர் ஆஸ்பத்திரியில். அதன் பெயர் வேண்டாம், அவர்கள் எனக்கு நல்லதுதான் செய்தார்கள்.

கல்யாணத்துக்கு முன்பே கொழுந்து எடுக்கப் போனவள் நான். பென்சன் வாங்கும் வரை மலையில்தான் நின்றேன். சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. வலது முழங்கால் எப்போதும் மேல் பக்கம்தான் இருக்கும். வேலையை விட்டு வெகுகாலம் கழித்து அந்த முழங்கால் கறகறவென்று பேச ஆரம்பித்தது. எழும்பும்போது பேசும், உட்காரும்போது பேசும். நான் பதில் சொல்வதில்லை.

எங்கள் வீடு தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே தனியாக இருக்கிறது. ரோட்டிலிருந்து மலையில் வெட்டிய படிகளில் ஏறித்தான் வர வேண்டும். அங்கே நானும் என் கடைசி மகளின் பிள்ளையும் மட்டும். மகள் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிறாள். பிள்ளைக்கு அடுத்த வருஷம் பெரிய பரீட்சை. இங்குள்ள பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிறாள் என்று வாத்திமார் சொல்கிறார்கள்.

மூத்த மகனுக்குக் கம்பளையில் கடை. கடைக்குப் பின்னால் வீடு. என் முழங்கால் பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவனுக்கு ஒரே பேச்சுத்தான்.

"அம்மா, கம்பளைக்கு வந்துருங்க. மேடு பள்ளம் ஒண்ணும் இல்ல. எல்லாம் சமதரை."

"சமதரையில மாடுகூட சோம்பேறியாப் போயிரும்டா" என்பேன்.

மருமகள் நல்லவள், அதில் குறையில்லை. ஆனாலும் அடுத்தவள் அடுப்பில் தேத்தண்ணி போட எனக்குக் கை வராது. நான் போனால் பிள்ளை பள்ளிக்கூடம் மாற வேண்டும். பரீட்சைக்கு முன்னால் அது கூடாது. நான் என் வீட்டில் இருக்கிறவரைதான் அவளும் அங்கே இருக்க முடியும். அதனால் என் காலைப் பற்றி யார் கேட்டாலும் "பரவாயில்ல" என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொன்னதில்லை.

முழங்கால் கிளினிக்குக்குப் போன ஒரு நாளில்தான் அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையைக் கண்டேன். சின்னப் பெண். வெள்ளைக் கோட்டு அவள் தோளில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. பெரிய டாக்டர் நோனா, சிங்கள அம்மா, ஓர் ஆராய்ச்சி செய்கிறாராம், மலையில் வேலை செய்த பொம்பளைகள் வேண்டுமாம்.

"முழங்காலுக்குள்ள ரெண்டு எலும்புக்கும் நடுவில குருத்தெலும்பு இருக்கு அம்மா" என்றாள். "ஆட்டுக்காலில வெள்ளையா வழுவழுப்பா இருக்குமெல்லே, அதுதான். நடக்கேக்க அதில பாரம் விழும். விழுந்தா அதில இருக்கிற சின்னச் சின்னப் பொருள்கள் ரத்தத்துக்கு வரும். அது எவ்வளவு வருகுது, சும்மா இருந்தா எவ்வளவு குறையுது எண்டு பாக்கிறம்."

"என்னைய வெட்டுவீங்களா?"

"இல்லை அம்மா. ரத்தம் மட்டும்தான். மூண்டு தரம்."

ரத்தத்தில் முழங்காலைப் பார்க்க முடியுமா என்று எனக்கு அதிசயமாக இருந்தது. சரி என்று விரலடையாளம் வைக்கப் போனேன். பிறகு வெட்கப்பட்டு, தெரிந்த மாதிரியே என் பெயரை எழுதினேன். மெதுவாகத்தான் எழுதுவேன். அவள் அவசரப்படுத்தவில்லை.

சொன்ன நாளில் காலையிலேயே பஸ் பிடித்துப் போய்விட்டேன். தரையோடு ஒட்டிய ஒரு சின்ன அறை. வாசலில் விறாந்தை, அதில் ஒரு கதிரை. அந்தப் பிள்ளை என்னைக் கதிரையில் இருத்தினாள்.

"அரை மணித்தியாலம் இதில இருங்கோ அம்மா. நடக்கக் கூடாது. எழும்பக் கூடாது. முழங்கால் ஆறினாப் பிறகுதான் முதல் ரத்தம். விளங்குதோ?"

"இருக்கிறதுதானே, அதுல என்னா விளங்காம."

அவள் உள்ளே போனாள். நான் இருந்தேன்.

உங்களில் யாராவது பகலில் சும்மா இருந்திருக்கிறீர்களா? எனக்கு அது பழக்கம் இல்லை. எங்கள் பக்கத்தில் பகலில் சும்மா இருப்பது காய்ச்சல்காரியும் பிள்ளை பெற்றவளும்தான். விறாந்தையில் போகிற வருகிற ஆட்கள் எல்லாம் என்னையே பார்ப்பது போல இருந்தது. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பொம்பளை நின்று அழுவதைக் கண்டேன். சத்தம் இல்லாத அழுகை. சக்கர நாற்காலியில் அவளுடைய புருஷன். பாரிச வாதத்தில் ஒரு பக்கம் விழுந்த மனுஷன். இரண்டாம் மாடியில் காலுக்கும் கைக்கும் பயிற்சி கொடுக்கிற இடமாம். அன்றைக்கென்று பார்த்து லிப்ட் பழுது. திருத்துகிற ஆள் வரும்வரை இருக்கச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் அவர்களுடைய முறை போய்விடும், போனால் அடுத்த மாதம்தான்.

"தெல்தெனியிலேருந்து வாறம்மா" என்றாள் என்னைப் பார்த்து. "தம்பியும் நானும் மட்டும்தான் ஈக்கிறம். தூக்க ஏலா."

நான் எழும்பிவிட்டேன்.

எங்கள் தோட்டத்தில் நடக்க முடியாதவரை ரோட்டுக்குக் கொண்டுவர வேறு வழி கிடையாது. கம்பளியை விரித்து ஆளைப் படுக்கவைத்து, நாலு மூலைக்கு நாலு பேர் பிடிப்போம். இறங்கும்போது கால் முன்னால் போக வேண்டும், ஏறும்போது தலை. என் மாமியாரை அப்படித்தான் இறக்கினோம். என் மகள் ஒருத்தியைப் பிரசவ வலியோடு அப்படித்தான் இறக்கினோம். அது எங்களுக்குக் கை பழகிய காரியம்.

"ஒரு பெட்சீட் கொண்டாங்க" என்றேன். வாசலில் காவலுக்கு நின்ற ஆளையும் கூப்பிட்டேன். "நீங்க அந்த மூலைய புடிங்க தம்பி. பெரிய ஆளுதான், ஆனா நாலு பேருக்கு நாலு பங்கா வந்துரும்."

அவள் ஒரு மூலை, அவளுடைய தம்பி ஒரு மூலை, காவல்காரர் ஒரு மூலை, நான் ஒரு மூலை. இரண்டு மாடி ஏறினோம். நடுவில் ஓரிடத்தில் என் முழங்கால் கறகறவென்றது. அந்த மனுஷன் எங்களையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார், பேச வரவில்லை. மேலே இறக்கிவைத்தபோது நல்ல பக்கத்துக் கையால் என் சேலையை ஒரு தரம் தொட்டார்.

இறங்கி வந்து கதிரையில் இருந்தேன். சற்று நேரத்திலேயே அந்தப் பிள்ளை ஊசியோடு வந்தாள்.

"அம்மா, இருந்தனீங்கள்தானே?"

"இருந்தேன் மகள்."

பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் ஒரு துளியும் எனக்கு இல்லை. வேர்க்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. இரண்டு மாடி ஏறியது ஒரு காரியமாக மனதில் நிற்கவே இல்லை. கூடையில் கொழுந்தை நிறைத்து நெற்றியில் கயிறு போட்டு ஏறினவளுக்கு அது என்ன?

ரத்தம் எடுத்தாள். பிறகு ஒரு மெஷினில் ஏற்றினாள். நின்ற இடத்திலேயே நடக்க வைக்கிற மெஷின். காலுக்கு அடியில் ரப்பர் பாதை ஓடிக்கொண்டே இருக்கும். எவ்வளவு நடந்தாலும் எதிரில் அதே சுவர், அதே கலண்டர். மலையில் நடந்தால் கூடையாவது நிறையும் என்று சொன்னேன். பிள்ளை சிரித்தாள். இறங்கியதும் இரண்டாம் ரத்தம். பிறகு உள்ளே ஒரு கட்டிலில் சாய்ந்திருக்க வைத்து மூன்றாம் ரத்தம். சாயங்காலப் பஸ்ஸில் வீட்டுக்கு வந்து அதை மறந்தேபோனேன்.

சில நாள் கழித்து மகனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன் கோல் வந்தது. பேசியது வேறு யாரோ, சிங்களத்தில். முதல் ரத்தத்தில் அந்தப் பொருள் எதிர்பார்த்ததைவிடக் கூட இருக்கிறது, அதனால் திரும்ப ஒரு தடவை வரச் சொல்கிறார்கள். அவ்வளவுதான் சொன்னார்களாம். என் மகனுக்கு அது போதும். கடையை அப்படியே போட்டுவிட்டுப் பன்விலைக்கு வந்துவிட்டான்.

"சும்மா இருக்கும்போதே ரத்தத்துல முழங்கால் வந்து நிக்கிதாம்மா. நடந்தா என்னாகும்? யோசிச்சுப் பாருங்க."

"என்னாடா ஆகும்?"

அவன் என் காலையே பார்த்தான். அந்தப் பார்வைதான் என்னைப் பயமுறுத்தியது.

அன்றைக்குப் பேத்தி தன் விஞ்ஞானப் புத்தகத்தை எடுத்து வந்தாள். அதில் குருத்தெலும்புக்குக் கசியிழையம் என்று வேறு பெயர் போட்டிருந்தது. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது, அது தேய்ந்தால் லேசில் திரும்ப வளராது என்று வாசித்தாள். வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, புத்தகத்தை மூடினாள். நான் கேட்டது கேட்டதுதான்.

பக்கத்து வீட்டுக்காரி என் வயதுக்காரி, ஒன்றாக மலைக்குப் போனவள். விஷயம் கேள்விப்பட்டு வந்தாள்.

"கரையுதாம்ல ஒனக்கு" என்றாள். "இனிமே ஒன்ன வடிகட்டித்தான் எடுக்கணும்."

"ஒனக்கு ரத்தம் பாத்தா அதுல கொழுப்புத்தான்டி இருக்கும்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீரில் போட்ட சீனிக்கட்டி மாதிரி என் முழங்கால் உள்ளே கரைந்துகொண்டிருப்பதாக ஒரு நினைப்பு பிடித்துக்கொண்டது. நடக்கிற ஒவ்வொரு தப்படிக்கும் கொஞ்சம் கரைந்து ரத்தத்தோடு ஓடுகிறது. அடுப்படிக்குப் போனால் கொஞ்சம். குழாயடிக்குப் போனால் கொஞ்சம். கறகற என்ற சத்தம் கேட்டால், இதோ ஒரு துண்டு போய்விட்டது என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

நான் நடப்பதை நிறுத்தினேன்.

யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் நிறுத்தினேன். மிச்சம் இருக்கிறதை வைத்துக் காப்பாற்றினால் பிள்ளையின் பரீட்சை வரையாவது தாங்கும் என்று கணக்குப் போட்டேன். கதிரையை ஜன்னலோரம் போட்டு இருந்தேன். பிள்ளையே சோறாக்கினாள், பிள்ளையே விறகு எடுத்தாள், தண்ணீர் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போக ஆரம்பித்தாள். பின்னேரம் புத்தகத்தை விரித்து வைத்து அதன் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கினாள். யாருக்காக அசையாமல் உட்கார்ந்தேனோ அவளுக்கே நான் பாரமாகிப்போனதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு இருந்தேன். எழும்பவும் பயம், எழும்பாமல் இருக்கவும் பயம்.

இன்னொன்றும் நடந்தது. முழங்கால் நன்றாகும் என்று பார்த்தால், இறுகிப்போனது. காலையில் மடக்க வராது. எழும்பி நின்றால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பார்த்தாயா, கரைந்து கரைந்து கடைசிக்கு வந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. அதனால் இன்னும் அதிக நேரம் உட்கார்ந்தே இருந்தேன்.

மகன் ஞாயிறு தவறாமல் வந்தான். ஒரு ஞாயிறு, வீட்டுக்குப் பின்னால் நிற்கிற என் பசுவைப் பார்க்க ஒரு மனுஷனையும் கூட்டிவந்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பல்லைப் பிடித்துப் பார்த்ததில் மாடு கத்திய சத்தம் கேட்டு ஜன்னலால் எட்டிப் பார்த்தேன்.

"அதுக்கு யாருடா வெல பேசச் சொன்னா?"

"அடுத்த ரத்தமும் இப்புடியே வந்தா யாரும்மா அதுக்குப் புல்லு வெட்டுறது? நீங்களா?"

 அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கும் என்னைப் போலவே பயம். பயத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன், அவன் ஓடினான். அதுதான் வித்தியாசம்.

"அடுத்த ரத்தம் வரட்டும்" என்றேன். "சரியில்லன்னா நானே வாறேன். அது வரைக்கும் மாட்டத் தொடாத."

சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லை மீறி எனக்குப் பழக்கம் இல்லை. அதுதான் பெரிய பயமாகப்போனது.

இரண்டாம் தடவை போகும் நாளில் படிகளில் இறங்கியது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் பேத்தி. கால்கள் மரக்கட்டை. லயத்துச் சனம் வாசலில் நின்று பார்த்தது. இந்தப் படிகளில் விறகுக்கட்டோடு இறங்கினவள் நான். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதே விறாந்தை, அதே கதிரை. மகன் சுவரோரம் நின்றான். அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்னைக் கண்டதும் முகம் மாறிப்போனாள்.

"என்னம்மா, அண்டைக்கு நல்லா நடந்து வந்தனீங்களே?"

"கரையுதுன்னு சொன்னாங்களே மகள்."

"ஆர் சொன்னது?"

யார் சொன்னது என்று எனக்கே தெரியவில்லை. அவள் என் பக்கத்தில் குந்தி, பயப்பட வேண்டாம், நாங்கள் ஏன் கூப்பிட்டோம் என்றால் என்று ஏதோ சொல்லத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து லிப்டின் கதவு திறந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பொம்பளைக் குரல்.

"இந்தா ஈக்கிறாங்க. இவங்கதான், இவங்கதான்."

தெல்தெனியப் பொம்பளை. அவளுக்கு முன்னால் அவளுடைய புருஷன், பொல்லை ஊன்றி, ஒரு காலை இழுத்து இழுத்து, ஆனால் சொந்தக் காலில். எனக்கு என் நிலைமை மறந்துவிட்டது. கண் கலங்கிவிட்டது.

அவள் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள்: "மிஸ், அன்டைக்கி லிப்ட் ஒடஞ்சி ஈக்கக்கொள, இந்தக் கதிரையில ஈந்து எழும்பி வந்துதான் என்ட மனுசன பெட்சீட்டுல போட்டு மேலுக்குத் தூக்கின. இந்த வயசுல. அல்லாஹ் இவங்கட கால நல்லா வெக்கோணும்."

பிள்ளை என்னைப் பார்த்தாள். கையில் இருந்த ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"அம்மா. எண்டைக்கு?"

"அன்னைக்குத்தான். நீங்க இருக்கச் சொல்லிட்டு உள்ள போனீங்களே."

"எத்தினை மாடி?"

"ரெண்டு."

"நான் வந்து ரத்தம் எடுத்தது எப்ப?"

"நான் எறங்கி வந்து இருந்தேன், நீங்க வந்துட்டீங்க."

"இருந்தனீங்களோ எண்டு கேட்டனானே அம்மா?"

"இருந்தேன்தானே மகள். அது ஒரு வேலையா? ஒரு மூலையத்தானே புடிச்சேன்."

பிள்ளை வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. எழும்பி ஓடிப்போய்ப் பெரிய டாக்டர் நோனாவைக் கூட்டிவந்தாள்.

டாக்டர் நோனா சிங்களத்தில்தான் பேசினார். எனக்கு விளங்கும். முதல் ரத்தம் ஆறியிருந்த முழங்காலின் ரத்தம் இல்லை, மாடி ஏறி இறங்கிய முழங்காலின் ரத்தம் என்றார். மூன்று ரத்தத்திலும் கடைசி ரத்தத்தில்தான் குறைவாக இருந்ததாம். சும்மா இருந்தபோது அதிகம், நடந்து முடித்து ஆறிய பிறகு குறைவு, இது எப்படி என்று அவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு இருந்தார்களாம். அதற்குத்தான் கூப்பிட்டார்கள். எனக்கு நோய் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நான் அந்தச் சீனிக்கட்டியைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. பாத்திரம் கழுவுகிற ஸ்பொன்சை நினைத்துக்கொள்ளச் சொன்னார். குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் இல்லை. அதற்குச் சாப்பாடு போக வேண்டுமானால் அழுந்த வேண்டும், விட வேண்டும், அழுந்த வேண்டும், விட வேண்டும். நடக்கும்போது அதுதான் நடக்கிறது. அப்போது கொஞ்சம் ரத்தத்துக்கு வரத்தான் செய்யும், எல்லாருக்கும் வரும், ஓய்ந்தால் குறையும்.

"அப்போ கொழுந்து எடுக்கிறாப்பலயா?" என்று கேட்டேன். "எடுக்க எடுக்கத்தான் செடி துளிர்க்கும். எடுக்காம விட்டா மரமாப் போயிரும்."

யாழ்ப்பாணத்துப் பிள்ளை அதைச் சிங்களத்தில் சொன்னாள். டாக்டர் நோனா அப்படியே சொல்ல முடியாது என்றார். செடி திரும்பத் துளிர்க்கும், தேய்ந்துபோனது அப்படித் திரும்ப முளைக்காது. ஆனால் எடுக்காமல் விட்டால் கெட்டுவிடும் என்பது மட்டும் சரி என்றார். பிறகு குனிந்து என் முழங்காலை மடக்கிப் பார்த்து, "இவ்வளவு நாளும் உட்கார்ந்தே இருந்தீங்களா, அம்மே?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப்போனது.

அத்தோடு நிம்மதி வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். எனக்குப் பயம் கூடியது. போன தடவைக்கு மாடிப்படி என்று ஒரு காரணம் இருந்தது, அது இப்போது தெரிந்துவிட்டது. இன்றைக்கு எடுக்கப்போகிற ரத்தத்துக்குச் சொல்ல ஒரு காரணமும் கிடையாது. இன்றைக்கும் அதிகமாக இருந்தால் அதற்குக் காரணம் என் முழங்கால்தான்.

அந்தப் பிள்ளை இந்தத் தடவை உள்ளே போகவில்லை. ஒரு கதிரையை இழுத்துப்போட்டு என் எதிரிலேயே இருந்தாள்.

"இண்டைக்கு நான்தான் காவல். ஆர் அழுதாலும் எழும்ப விடமாட்டன்."

அரை மணித்தியாலம் அப்படி ஒரு நீளமாக இருக்கும் என்று நான் அறிந்ததில்லை. தெல்தெனியப் பொம்பளை கொஞ்சம் தள்ளி நின்று துஆ செய்தாள். நான் மனதுக்குள் முருகனைக் கூப்பிட்டேன். மகன் போகிறான், வருகிறான், போகிறான்.

ரத்தம் எடுத்தார்கள். மெஷினில் ஏறினேன். இறுகின கால், முதலில் ஒவ்வொரு தப்படியும் வலித்தது. மெதுவாக ஓடவிட்டார்கள். கொஞ்சம் போகப் போக, உண்மையைச் சொல்கிறேன், இலகுவாகிப்போனது. வலி இருந்தது, ஆனால் மடங்கியது. திரும்ப ரத்தம், திரும்ப ஓய்வு, திரும்ப ரத்தம். முடிவு உடனே தெரியாதாம். வேறிடத்துக்கு அனுப்பிப் பார்க்க வேண்டுமாம்.

அந்த இடைப்பட்ட நாட்கள் மிக மோசம். டாக்டர் நோனா சொன்னபடி தினமும் நடக்கத் தொடங்கினேன். சுமை இல்லாமல், மெதுவாக, மாட்டுக் கொட்டில் வரை, பிறகு குழாயடி வரை. ஆனால் மனது கேட்டால்தானே. அழுந்துகிறது, விடுகிறது என்று வாய் சொல்லும். கரைகிறது, கரைகிறது என்று நெஞ்சு சொல்லும். பேத்தியின் போன் அடித்தால் கையில் இருப்பது நழுவும்.

ஒரு சனிக்கிழமை காலை அது அடித்தது. அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான். இந்தத் தடவை மகனிடம் சொல்லாமல் என்னிடமே பேச வேண்டும் என்றாளாம். பேத்தி போனை என் காதில் வைத்தாள்.

"அம்மா, முதல் ரத்தத்தில குறைவு. நடந்தாப் பிறகு கூடினது. இருந்தாப் பிறகு திரும்பக் குறைஞ்சிட்டுது. மற்ற ஆக்களை மாதிரித்தான்."

"அப்போ கரையலயா மகள்?"

"கரையேல்லை அம்மா."

"நெசமாத்தானே சொல்றீங்க?"

"ஓம் அம்மா. உங்களிட்ட பொய் சொல்லேலுமே? தேய்வு இருக்கு, அது எக்ஸ்ரேயில கண்ட பழைய தேய்வு. அது எத்தினை வருசம் தாங்கும் எண்டு இந்த ரத்தம் சொல்லாது. ஆனா நடவுங்கோ. மாடிக்கு ஆக்களைத் தூக்காதேங்கோ."

போனை வைத்த பிறகு நான் கதவைப் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்ததைப் பேத்திதான் கண்டு சொன்னாள்.

அடுத்த நாள் மகன் வந்தான். நான் படியிறங்கிப் பாதி வழியில் அவனை எதிர்கொண்டேன். கம்பளைச் சமதரையில் இருந்து இருந்து வயிறு வைத்துவிட்டது அவனுக்கு. பாதியிலேயே மூச்சு வாங்கி ஒரு படியில் இருந்துவிட்டான்.

"நில்லுங்கம்மா, கொஞ்சம் இருந்துட்டு வாறேன்."

"நீயும் ஒரு தடவ ரத்தம் குடுத்துப் பாருடா" என்றேன். "கம்பளையில கரையுதோ என்னமோ."

அவன் சிரித்தான், பிறகு தலையைக் குனிந்துகொண்டான். மாட்டைப் பற்றியோ கம்பளையைப் பற்றியோ அதற்குப் பிறகு ஒரு பேச்சும் எடுக்கவில்லை. அந்த வருஷமே ஆள் பிடித்து, படியோரமாகக் கைபிடிக்க ஒரு கம்பி போட்டுக் கொடுத்தான். அது எனக்கு என்று சொன்னான். பிடித்து ஏறுவது அவன்தான்.

முழங்கால் இன்றைக்கும் பேசுகிறது. குளிர் காலத்தில் இன்னும் அதிகமாகப் பேசுகிறது. ஒரு நாள் அது நின்றேபோகும், அப்போது நான் கம்பளைக்கோ எங்கேயோ போகத்தான் வேண்டிவரும், அது எனக்குத் தெரியும். பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் மலையில் நின்ற அத்தனை வருஷமும் செய்யாத கெடுதலை, பயந்துபோய் ஜன்னலோரம் இருந்த அந்தக் கொஞ்ச நாள் என் காலுக்குச் செய்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், பயத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு எழும்பி ஒரு தப்படி வைத்துவிடுகிறேன்.

அவ்வளவுதான் மகள், நான் சொல்லச் சொல்ல நீ எழுதியது போதும், உன் பள்ளிக்கூடப் பேனையை வை. இப்போது முதலிலிருந்து ஒரு தரம் வாசி பார்ப்போம், நான் சொல்லாத எதையும் நீயாகச் சேர்த்திருக்கிறாயா என்று.